கப்பலுக்குப் போகும் பிள்ளை

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு மாலை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, தாராவி 90 அடி சாலைக்குப் பின்புறமுள்ள சந்தில் குடியிருக்கும் தாயார் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி இட்லி அவித்து, அதைச் சுமந்து விற்பவர்களிடம் கொடுத்துப் பிழைக்கும் குடும்பம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறி, கப்பல் வேலைக்கான ஆறு மாதப் பயிற்சியையும் முடித்திருந்தான். அவன் கையில் ஒரு காகிதம். 'கெமிக்கல் டாங்கர்' ஒன்றில் கடைநிலை மாலுமி வேலை காலியாக இருக்கிறது என்றும், மூன்று லட்ச ரூபாய் கட்டினால் இந்த மாதமே கப்பலேறலாம் என்றும் ஏஜெண்ட் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பணத்தை எப்படியாவது புரட்டிவிடுவேன் ஐயா. கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் என் வயிறு கலங்குகிறது. நீங்கள் ஜெபித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்" என்றார்.

ஜெபித்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் கற்றேனேயன்றிக் கப்பலைப் பற்றி ஒன்றும் கற்றவனல்லன். ஒரு வாரம் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன். செம்பூரில் எனக்கு அறிமுகமான மூத்த சகோதரர் ஒருவர் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்தவர். ரசாயனக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, மேல்தள மாலுமிகளுக்கு மேஸ்திரி போன்ற 'போசன்' பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு பேசியும், விபத்து விசாரணைகளைப் பற்றி வாசித்தும் அந்த வாரத்தில் நான் அறிந்துகொண்டவற்றை, பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்ப நினைக்கும் ஏனைய பெற்றோரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன். அந்தத் தாயாரின் அச்சம் வீணானதல்ல. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து அவர் நினைத்தும் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. சரக்கை இறக்கியபின் காலியாகக் கிடக்கும் தொட்டிதான் அந்த இடம்.

மாகுல் கரையில் நின்று பார்த்தால்

செம்பூரில் வசிப்பவர்களுக்கு இந்தக் கப்பல்கள் அந்நியமானவை அல்ல. சுத்திகரிப்பு ஆலைகளையும் ரசாயனச் சேமிப்புத் தொட்டிகளையும் கடந்து மாகுல் கரைக்குச் சென்றால், குளிர்காலத்தில் சேற்றில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு அப்பால், கடலுக்குள் நீண்டிருக்கும் பிர் பாவ் படகுத்துறையில், மேல்தளம் முழுவதும் குழாய்கள் பின்னிக் கிடக்கும் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கும். மும்பைத் துறைமுகத்துக்கு வரும் ரசாயனக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை அது. தூத்துக்குடிக்காரர்களும் உரத் தொழிற்சாலைக்குப் பாஸ்பாரிக் அமிலம் கொண்டுவரும் இவ்வகைக் கப்பல்களைக் கண்டிருப்பார்கள்.

கச்சா எண்ணெய்க் கப்பல் ஒரே சரக்கை மலைபோல் ஏற்றிச் செல்வது. ரசாயனக் கப்பல் அப்படியன்று. அதன் வயிற்றுக்குள் இருபது, முப்பது, சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட தனித்தனித் தொட்டிகள் இருக்கும். பல கப்பல்களில் ஒவ்வொரு தொட்டிக்கும் தனிப் பம்பு, தனிக் குழாய். ஒன்றில் மெத்தனால், அடுத்ததில் எரிசோடா, அதற்கடுத்ததில் பென்சீன், மற்றொன்றில் நாம் சமையலுக்கு வாங்கும் பாமாயில். ஆம், அருமையான வாசகர்களே, விஷத்தைச் சுமந்த கப்பலே அடுத்த பயணத்தில் சமையல் எண்ணெயையும் சுமக்கக் கூடும். எந்தச் சரக்குக்குப்பின் எதை ஏற்றலாம் என்பதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. அந்த விதிகளின்படி நடப்பதற்கு நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் தொட்டி கழுவுதல். மாலுமிகள் 'டாங்க் கிளீனிங்' என்பார்கள்.

ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கி, இரண்டு மூன்று நாட்களில் அடுத்த துறைமுகத்தை அடைவதற்குள், ஓடும் கப்பலிலேயே இந்தத் தொட்டிகளைக் கழுவ வேண்டும். சுழலும் இயந்திரங்களால் வெந்நீரைப் பீய்ச்சுவார்கள். தேவையானால் சோப்பு ரசாயனம் சேர்ப்பார்கள், பின்பு நன்னீர், பின்பு காற்று. கடைசியில் மனிதர் உள்ளே இறங்கித் தேங்கிய நீரை வழித்தெடுத்துத் துணியால் துடைக்க வேண்டும். துறைமுகத்தில் பரிசோதகர் வந்து, தொட்டியின் சுவரில் மெத்தனாலை ஊற்றி, வழிந்துவரும் துளிகளைச் சிறு குப்பியில் பிடித்துச் சோதிப்பார். முந்தைய சரக்கின் சுவடோ கடல் உப்போ அதில் தெரிந்தால் தொட்டி தள்ளுபடி, மறுபடியும் கழுவ வேண்டும். கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் உரிமையாளருக்குப் பெரும் நஷ்டம். அந்த நஷ்டத்தின் பாரம் கேப்டன்மேல் இறங்கி, அவரிடமிருந்து முதன்மை அதிகாரிமேல் இறங்கி, இறுதியில் கையில் துணியோடு தொட்டிக்குள் நிற்கும் கடைநிலை மாலுமியின் தலையில் வந்து நிற்கிறது.

ஒரே கப்பல், இரண்டு துன்பங்கள்

'ஸ்டோல்ட் வேலர்' என்ற பெயர் சிலருக்கு நினைவிருக்கலாம். ஹாங்காங் கொடி ஏற்றிய ரசாயனக் கப்பல். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கொள்ளையர் அதைக் கைப்பற்றினார்கள். கப்பலில் இருந்த 22 பேரில் 18 பேர் இந்தியர். கேப்டன் பிரபாத் கோயலின் மனைவி சீமா கோயல் டேராடூனிலிருந்து புறப்பட்டு, டெல்லியில் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சந்தித்து முறையிட்டார். அயல்நாட்டுக் கொடியேற்றிய கப்பலில் இருக்கும் இந்தியனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இந்நாட்டின் செய்தித்தாள்கள் எழுப்புவதற்கு அந்தப் பெண்மணியின் விடாமுயற்சி ஒரு முக்கியக் காரணமாயிற்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மாலுமிகள் சங்கமும் குரல் கொடுத்தது. அக்டோபரில் இந்தியக் கடற்படை 'ஐ.என்.எஸ். தபார்' என்னும் போர்க்கப்பலை ஏடன் வளைகுடாவுக்கு அனுப்பியது. மீட்புப் பணம் கைமாறிய பின்பு நவம்பர் 16ஆம் தேதி கப்பல் விடுவிக்கப்பட்டது. 62 நாட்கள். அதற்குப் பத்தாம் நாள் கடல் வழியாக வந்தவர்களால் மும்பை தாக்கப்பட்டது. அந்தப் பேரிரைச்சலில் இந்த மாலுமிகளின் கதை மறக்கப்பட்டது.

இதுவரை பலரும் அறிந்தது. அதே கப்பலுக்குப் பின்பு நேர்ந்ததை அறிந்தவர் சிலரே. 2012ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சுமார் 13,000 டன் எம்.டி.பி.இ. என்னும் திரவத்தைச் சுமந்துகொண்டு பாரசீக வளைகுடாவில் சென்றுகொண்டிருந்தபோது ஸ்டோல்ட் வேலர் வெடித்துத் தீப்பற்றியது. கப்பலில் அப்போது இருந்தவர்கள் 25 பேர். 24 பேரை அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று மீட்டது. ஒருவர் உயிரிழந்தார். எரிந்து கருகிய அந்தக் கப்பலைத் தங்கள் கரைக்கு அருகில் கொண்டுவர அப்பகுதி நாடுகள் எளிதில் அனுமதிக்கவில்லை. புகலிடமின்றி அது நீண்ட காலம் கடலிலேயே கிடந்தது.

62 நாட்கள் துப்பாக்கி முனையில் இருந்தபோதும் அந்தக் கப்பலின் 22 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். கொள்ளையர் எவரும் இல்லாத ஒரு நாளில், வழக்கமான ஒரு பயணத்தில், ஓர் உயிர் போயிற்று. போசன் சகோதரரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "கொள்ளைக்காரன் வந்தால் நாலு நாடு பேசும் பாஸ்டர். டாங்குக்குள்ளே ஒருவன் விழுந்தால் அந்தக் கப்பல்காரனுக்கும் அவன் வீட்டுக்கும்தான் தெரியும்" என்றார்.

காலியானது ஏன் கொடியது?

எம்.டி.பி.இ. என்பது பெட்ரோலின் தரத்தை உயர்த்துவதற்காகக் கலக்கப்படும் ஒரு திரவம். உறைபனிக் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகையால் பறந்து போகாமல் தொட்டியின் அடியிலும் கப்பலின் மேல்தளத்திலும் தங்கி நிற்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது அதில் திரவம்தான் மிகுதி. மேலே உள்ள சிறு இடத்திலும் ஆவி மிகவும் அடர்ந்திருப்பதால், எரிவதற்குப் போதிய காற்று இராது. திரவத்தை வெளியே இறைத்துவிட்டு மூடியைத் திறந்தால், எஞ்சிய ஆவியும் உள்ளே புகும் காற்றும் வெடிப்பதற்கேற்ற அளவில் கலக்கின்றன. கழுவும் நீர் பீய்ச்சப்படும்போது உண்டாகும் நிலைமின்சாரமோ, ஓர் இரும்புக் கருவி விழுந்து எழும் பொறியோ அதற்குப் போதும்.

இதற்கு 'பவ் மரினர்' என்னும் கப்பலின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி. நியூயார்க்கில் எம்.டி.பி.இ. சரக்கை இறக்கிவிட்டு, மற்றத் தொட்டிகளில் எத்தனாலுடன் அக்கப்பல் தெற்கே ஹூஸ்டனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. எம்.டி.பி.இ. இருந்த 22 தொட்டிகளின் மூடிகளையும் திறந்துவிடும்படி கேப்டன் உத்தரவிட்டார். ஆவி வெளியேறி மேல்தளத்தில் பரவியது. மாலையில், வர்ஜீனியா மாநிலக் கரைக்கு அப்பால், கப்பல் வெடித்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கியது. 27 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர் மட்டுமே.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கையில் என் மனதைத் தைத்தது வேதியியல் அன்று. அந்தக் கப்பலில் கேப்டன், முதன்மை அதிகாரி, தலைமை இன்ஜினியர் ஆகிய மூவரும் கிரேக்கர். மற்ற 24 பேரும் பிலிப்பைன்ஸ் தேசத்தார். அந்த 24 பேரில் அதிகாரிகளும் இருந்தனர். ஆனால் அதிகாரிகளின் உணவறையில் அவர்கள் சாப்பிடுவதில்லை. மேலே உள்ளவரைக் கேள்வி கேட்கும் வழக்கமும் அங்கே இல்லை. 22 தொட்டிகளைத் திறப்பதற்குப் பாதுகாப்புக் காரணம் எதுவும் இல்லை என்று அறிக்கை கூறுகிறது. நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் புத்தகத்தில் இருந்தன, கப்பலில் நடைமுறையில் இல்லை. "ஐயா, இது சரியா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போகும் என்ற பயம் எப்படிப்பட்டது என்பதை, முதலாளி முகம் பார்த்தே பிழைக்கும் நம் தாராவி ஜனங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விபத்தும் இதுபோன்ற பிறவும் உலகை யோசிக்கவைத்தன. 2016ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் கட்டப்படும் 8,000 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள டாங்கர்கள், எளிதில் தீப்பற்றும் சரக்கை ஏற்றுவதாயின், தொட்டிகளில் நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவை நிரப்பும் வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்று சர்வதேச விதி ஏற்பட்டது. நல்லதே. ஆனால் ஓர் ஆபத்தை அடக்கக் கொண்டுவந்த வாயு மற்றோர் ஆபத்தைக் கூடவே அழைத்துவந்தது.

மணமில்லாத மரணம்

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதனால் அது நமக்குத் தீங்கற்றது என்று நினைக்கிறோம். அந்த வாயு முழுவதுமாக நிறைந்த தொட்டிக்குள் ஒருவர் தலையை நீட்டினால், மூச்சுத் திணறல்கூடத் தோன்றாது. மணமில்லை, நிறமில்லை, எரிச்சலில்லை. இரண்டொரு மூச்சில் நினைவு தப்பி விழுவார். சில நிமிடங்களில் உயிர் போகும்.

மேலே நிற்கும் தோழன் என்ன செய்வான்? ஓடி இறங்குவான். இதைத்தான் நாம் மும்பையில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவர் விழ, மூன்றாமவரும் விழுந்து, ஒரே குடியிருப்பிலிருந்து மூன்று பிரேதங்கள் எடுக்கப்பட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில் நின்று துக்கம் விசாரித்த ஊழியர்கள் இந்நகரில் என்னையன்றியும் பலர் உண்டு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இவ்வாறு அடைபட்ட இடங்களில் மாண்டவர்களில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டோர், முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களே. அன்புதான் அவர்களைக் கொன்றது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பயிற்சியும் கருவியும் இல்லாமல் அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

கப்பலில் இதற்கு முறை உண்டு. போசன் சகோதரர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். முதலில் காற்றோட்டம். பின்பு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி, தொட்டியின் மேலே, நடுவே, அடியே என மூன்று மட்டங்களிலும் காற்றைச் சோதிக்க வேண்டும். பிராணவாயு 20.9 சதவீதம் காட்ட வேண்டும். தீப்பற்றும் ஆவியும் நச்சு வாயுவும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும். பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். வாயிலில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். அவர் கையில் வாக்கி டாக்கி, அருகில் சுவாசக் கருவி, கயிறு, தூக்குப் படுக்கை. உள்ளே ஒருவர் விழுந்தால், வாயிலில் நிற்பவர் இறங்கக் கூடாது. முதலில் அபாய மணி அடிக்க வேண்டும். "அதுதான் பாஸ்டர் கஷ்டம். கூட ஒரே தட்டில் சாப்பிட்டவன் கீழே கிடப்பான், கால் தானாக ஏணியைத் தேடும்" என்றார். சற்று நேரம் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

2015 ஜனவரி முதல், இத்தகைய மீட்புப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்றும், 2016 ஜூலை முதல், காற்றைச் சோதிக்கும் மீட்டரைக் கப்பலிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் சர்வதேச விதிகள் கூறுகின்றன. அப்படியானால் அதற்கு முன்பு? அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டுத் தேநீர் எடுத்துவரப் போய்விட்டார்.

சரக்கு நிறைந்திருந்தால் கவலையில்லை என்பதும் தவறு. 2019 செப்டம்பர் 28ஆம் தேதி தென்கொரியாவின் உல்சான் துறைமுகத்தில் 'ஸ்டோல்ட் குரோன்லாண்ட்' வெடித்தது. அதில் ஸ்டைரீன் என்னும் திரவம் இருந்தது. வேறு சில தொட்டிகளில் சூடாக வைக்க வேண்டிய சரக்கு. அந்தச் சூடு நாள்தோறும் ஊடுருவி, ஸ்டைரீன் தானே கொதித்து இறுகத் தொடங்கியது. தானாக வினைபுரியாமல் தடுக்கக் கலந்திருந்த மருந்து சூட்டில் தீர்ந்துபோயிற்று. பால் பொங்குவதை அடுப்படியில் நிற்பவர் கவனிக்காமல் விட்டதைப் போன்றதுதான். நல்வேளையாக மாலுமிகள் அனைவரும் பிழைத்தார்கள். இவையன்றி, நாள்பட்ட பென்சீன் ஆவி இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். அது கப்பலில் தெரியாது. ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த பின்பு தெரியும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும் என்பது சட்டம். தொட்டி கழுவும் நாட்களில் அந்தக் கணக்கு ஏட்டில் சரியாகவே இருக்கும். உறங்காத கண்ணோடு மீட்டரைப் பார்ப்பவனுக்கு எண் தெரியும், அதன் பொருள் தெரியாது. தொட்டி கழுவுவதற்குச் சில நிறுவனங்கள் தனிப்படி தருகின்றன. அந்தப் பணத்துக்காக இளைஞர்கள் தாங்களே முன்வந்து இறங்குவதும் உண்டு.

தாயார் கேட்ட கேள்விக்கு

கொள்ளையரைப் பற்றி அவர் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டுமே. 2010 மே 8ஆம் தேதி 'மரிடா மார்கரெட்' என்னும் ரசாயனக் கப்பல், நம் காண்ட்லாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் வழியில் ஓமனுக்குத் தெற்கே பிடிபட்டது. 22 பேரில் 19 பேர் இந்தியர். டிசம்பர் 28ஆம் தேதிவரை அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். சிலரை இறைச்சி வைக்கும் குளிர் அறையில் பூட்டிச் சித்திரவதை செய்தார்கள். பேரம் பேசிய சோமாலியர் பின்பு பிடிபட்டு, 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். அதே 2010 செப்டம்பரில் 15 இந்தியரோடு பிடிபட்ட 'அஸ்பால்ட் வெஞ்சர்' என்னும் தார்க் கப்பலின் கதை இன்னும் கொடியது. பணம் கொடுத்த பின்பும் எட்டுப் பேரை மட்டும் விட்டு, ஏழு பேரை நிறுத்திக்கொண்டார்கள். இந்தியாவில் சிறைப்பட்டிருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேர் வீடு திரும்ப 2014 அக்டோபர் இறுதி ஆயிற்று. நான்கு ஆண்டுகள்!

பின்பு கடற்படைகளின் காவலால் கொள்ளை வெகுவாகக் குறைந்து, 2023 இறுதியில் மறுபடியும் தலைகாட்டியது. ஆபத்தின் முகமும் மாறியது. 2023 டிசம்பர் 23ஆம் தேதி, மங்களூருக்குக் கச்சா எண்ணெய் கொண்டுவந்த 'கெம் புளூட்டோ' என்னும் ரசாயனக் கப்பலை, குஜராத் கரைக்குச் சுமார் 200 கடல் மைல் தொலைவில் ஆளில்லா விமானம் ஒன்று தாக்கியது. தீ அணைக்கப்பட்டது, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. 20 இந்தியரும் ஒரு வியட்நாமியரும் இருந்த அந்தக் கப்பல், கடலோரக் காவல்படையின் துணையோடு கிறிஸ்துமஸ் தினத்தன்று நம் மும்பையை வந்தடைந்தது. நாம் ஆலயங்களில் பாடிக்கொண்டிருந்த அதே நாளில், துளைபட்ட கப்பலோடு அந்த 21 பேர் நம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தார்கள்.

இவற்றின்மேல் நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எந்தக் கப்பலில், யார் மூலமாக ஏறுகிறோம் என்பதன்மேல் உண்டு. அதனால் அந்தக் காகிதத்துக்கு வருகிறேன்.

மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், மும்பையில் தலைமையகம் கொண்ட மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்திடம் 'ஆர்.பி.எஸ்.எல்.' என்னும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. என்னும் மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனுடையது. டாங்கரில் ஏற, அதற்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் அவசியம். கப்பலின் பெயரைச் சொல்லாத, சுற்றுலா விசாவில் போகச் சொல்லுகிற, ஒப்பந்தத்தை 'அங்கே போனபின் தருவோம்' என்கிற ஏஜெண்டைக் கண்டால் திரும்பி நடக்கலாம். இப்படிப் போனவர்கள் துருப்பிடித்த கப்பலில் சம்பளமின்றிக் கைவிடப்படுகிறார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டனர். தேசவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியருக்கு, 899 பேர்.

மறு ஞாயிறு தாயாரையும் மகனையும் செம்பூருக்கு அழைத்துச் சென்றேன். போசன் சகோதரர் காகிதத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். கப்பலின் பெயர் இல்லை, உரிம எண் இல்லை. பட்டியலில் தேடினோம், அந்தப் பெயரில் நிறுவனமே இல்லை. பின்பு அவர் பையனைத் தம் எதிரில் உட்கார வைத்தார்.

"தம்பி, சீஃப் ஆபீசர் உன்னை டாங்குக்குள் இறங்கச் சொல்கிறார். மீட்டர் போட்டுப் பார்த்தார்களா என்று உனக்குத் தெரியாது. என்ன செய்வாய்?"

பையன் தாயாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இறங்குவேன் சார்" என்றான்.

"இல்லை. சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்பாய். எங்கே, கேள்."

பையனுக்குக் குரல் வரவில்லை. மூன்றாம் முறைதான் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னான். அதற்கிடையில் தாயார், "அந்த மீட்டரை இவன் கையிலும் ஒன்று கொடுப்பார்களா?" என்று கேட்டார். நல்ல நிறுவனம் கொடுக்கும் என்று பதில் வந்தது. கொள்ளையரைப் பற்றி அன்று அவர் கேட்கவே இல்லை.

டாங்கர் பயிற்சிச் சான்றிதழுக்கு இப்போது பையன் படித்து வருகிறான். உரிமம் பெற்ற இரண்டு நிறுவனங்களில் விண்ணப்பித்திருக்கிறான், இன்னும் அழைப்பு வரவில்லை. சனிக்கிழமைதோறும் செம்பூருக்குப் போய்க் கயிறு முடியவும் கேள்வி கேட்கவும் கற்றுக்கொள்கிறான். ஏஜெண்டிடம் முன்பணமாகக் கொடுத்திருந்த இருபதாயிரம் ரூபாய் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.